சவரிமுத்து வாங்கிய கடைசி எல்.சி.

சவரிமுத்து அண்ணனின் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தேன். பேசியது அவர் இல்லை.

"மேடம், முருகேசன் பேசுறேன். வேலை முடிஞ்சிருச்சு. ஆளெல்லாம் இறங்கியாச்சு. லைன் போட்டுடுங்க."

குடவாசல் பக்கத்தில் ஒரு துணை மின் நிலையத்தில் நான் ஆபரேட்டர். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்தது இந்தக் குறுவையில்தான்.

எல்.சி. என்றால் லைன் கிளியர். லைனில் வேலை பார்க்கப் போகிறவர் போனில் கேட்பார். நான் அந்த ஃபீடரின், அதாவது அங்கே கரண்டு கொண்டுபோகும் லைனின், பிரேக்கரை ஆஃப் செய்து, பூட்டி, 'ஆள் வேலை செய்கிறார்' என்ற போர்டை மாட்டிவிட்டு எல்.சி. கொடுப்பேன். அதற்குப் பிறகுதான் அவர் ஆட்களைப் போஸ்டில் ஏற்றுவார். வேலை முடிந்ததும் வாங்கியவரே கூப்பிட்டு எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்க, அதாவது ரிட்டர்ன் சொல்ல வேண்டும். இன்னொருவர் சொல்லக் கூடாது.

டீச்சர்

சேர்ந்த புதிதில் எனக்குப் பயம் அதிகம். ஒவ்வொரு ரிட்டர்னையும் இரண்டு முறை சொல்லச் சொல்வேன். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று கேட்பேன். லைன்மேன்களுக்கு எரிச்சலாக வரும். லைன் இன்ஸ்பெக்டர் சவரிமுத்து மட்டும் சிரித்தார். இது ஆபரேட்டர் இல்லை, அட்டென்டன்ஸ் எடுக்கும் டீச்சர் என்றார். அன்றிலிருந்து அவருக்கு நான் டீச்சர்.

எல்லாம் கேட்டு முடித்த பிறகும் எனக்கு மனசு ஆறாது. கடைசியாக ஒரு தடவை கேட்பேன்.

"போஸ்ட்ல யாரும் இல்லையே அண்ணே?"

"ஒரு காக்கா இருக்கு டீச்சர். இறங்கச் சொன்னா கேக்க மாட்டேங்குது. நீங்களே சொல்லுங்க."

இத்தனை வருடத்தில் அந்தக் காக்காவை அவர் ஒருநாளும் விட்டதில்லை. சில நாள் அது மைனாவாக இருக்கும். ஒருமுறை கீழ்வேளூர் பக்கம் புயல் வேலை முடித்துத் திரும்பிய மறுநாள், தூக்கமில்லாமல் குரல் கம்மிப்போயிருந்தது. அப்போதும் காக்கா இருந்தது.

வயல் நண்டுக் குழம்பு வைத்தால் அவர் மனைவி ஸ்டெல்லா எனக்கும் ஒரு டப்பா கொடுத்துவிடுவார். என் பையன் பைக் கேட்டு அடம்பிடித்தபோது, நான் வேண்டாம் என்று அழ, சவரி அண்ணன்தான் அவனைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டப் பழக்கினார். நானும் அவரும் நேரில் பார்த்துக்கொண்டது குறைவு. எங்கள் சிநேகிதம் பெரும்பாலும் போனில்தான்.

அன்று

காலையில் அவர் எல்.சி. வாங்கியது வாய்க்கால் கரையில் போகும் பம்புசெட் ஃபீடருக்கு. ஒரு போஸ்டில் இரண்டு பக்கக் கம்பிகளை இணைக்கும் ஜம்பர் அறுந்திருந்தது. அதைத் தாண்டி, வளைவில், மூங்கில் கொத்து லைனில் சாய்ந்திருந்தது. ஜம்பர் போட முருகேசன். மூங்கில் பக்கத்துப் போஸ்டுக்குக் கண்ணன். கீழே நின்று பார்க்கச் சவரி அண்ணன். மூன்று பேர். குறுவை நட்ட வயல்கள் தண்ணீருக்குக் காத்திருந்தன. எப்போது கரண்டு வரும் என்று விவசாயிகள் விடாமல் எனக்குப் போன் செய்துகொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் முருகேசனின் போன்.

"அண்ணன்கிட்ட குடுங்க" என்றேன்.

"அண்ணனால பேச முடியல மேடம். கரையில உக்காந்தாரு. தோள்பட்டை வலிக்குதுன்னாரு. அப்படியே சாஞ்சிட்டாரு. லோடு வண்டியில தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டு இருக்கோம். 'டீச்சர்கிட்ட சொல்லணும், டீச்சர்கிட்ட சொல்லணும்'னே இருந்தாரு மேடம். அதான் நான் சொல்லிட்டேன்."

என் காதில் அதற்கு மேல் எதுவும் ஏறவில்லை. ஆனால் பிரேக்கர் பக்கம் கை போகவில்லை. அதைப் புத்திசாலித்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் குரலைக் கேட்காமல், அந்தக் காக்காவைக் கேட்காமல் ஒருநாளும் நான் லைன் போட்டதில்லை. அவ்வளவுதான்.

எங்கள் பிரிவு இன்ஜினியரான ஜே.இ.யைக் கூப்பிட்டேன். எல்.சி. இன்னும் ரிட்டர்ன் ஆகவில்லை, நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் கிளம்பினார். அதற்குள் விவசாயிகளின் போன். வேலைதான் முடிந்துவிட்டதே, ஆட்கள்கூடப் போய்விட்டார்களே, இன்னும் ஏன் போடவில்லை என்று ஒருவர் சத்தம் போட்டார். நான் ரிசீவரை வைத்தேன். பூட்டின் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜே.இ. பேசினார். மூச்சு வாங்கியது.

"மேடம், லைன் போட்டுட்டீங்களா?"

"இல்ல சார்."

"கண்ணன் இன்னும் மேலதான் இருக்கான்."

மூங்கில் கொத்து மறைத்ததால் அவனுக்குக் கீழே நடந்தது எதுவும் தெரியவில்லை. அண்ணனைத் தூக்க ஓடிவந்த கூட்டத்தில் அவனும் இருப்பான் என்று முருகேசன் நினைத்துவிட்டான். பதற்றத்தில், அண்ணன் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகள் அப்படியே அவன் வாயில் வந்துவிட்டன. ஜே.இ.யைப் பார்த்ததும் கண்ணன் மேலிருந்தபடியே, அண்ணன் டீ வாங்கப் போயிருக்கிறாரா என்று கேட்டானாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே சவரி அண்ணன் உயிர் போயிருந்தது.

ஜே.இ. கண்ணனை இறக்கி, கடைசிப் போஸ்ட் வரை நடந்து பார்த்துவிட்டு அந்த எல்.சி.யை முடித்தார். போஸ்டில் யாரும் இல்லையே என்று கேட்டேன். யாரும் இல்லை என்றார். பிரேக்கரைப் போட்டேன். மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பிக்க, மீட்டரில் ஆம்ப்ஸ் ஏறிக்கொண்டே போனது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

பிறகு

'டீச்சர்கிட்ட சொல்லணும்' என்று அவர் சொன்னது ரிட்டர்னுக்காக இல்லை என்று நான் நம்புகிறேன். ஒரு ஆள் மேலே இருக்கிறான் என்பதைச் சொல்லத்தான் அவர் தவித்திருப்பார். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஸ்டெல்லாவிடம் இதைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

என் பையன் திருச்சியில் படிக்கிறான். அங்கே போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடுவான். இப்போது அது எனக்குப் போதவில்லை. கூப்பிட்டுப் பேசு என்கிறேன். அவனுக்குச் சலிப்புதான். ஆனாலும் கூப்பிடுகிறான்.

உங்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது ஒன்றுதான். எல்.சி. வாங்கியவர் குரல் கேட்காமல் லைன் போடாதீர்கள். அந்தக் குரல் இனி வராது என்றால், ஒரு ஆள் நடந்து போய் ஒவ்வொரு போஸ்டையும் கண்ணால் பார்க்கட்டும். யார் கத்தினாலும் கத்தட்டும்.

போன வாரம் கண்ணன் முதல் தடவையாகத் தன் பெயரில் எல்.சி. வாங்கினான். வேலை முடிந்து கூப்பிட்டு, இரண்டு பேர் ஏறினோம், இரண்டு பேரும் இறங்கிவிட்டோம் என்று நான் கேட்காமலே இரண்டு முறை சொன்னான். நான் வழக்கம்போலக் கேட்டேன்.

"போஸ்ட்ல யாரும் இல்லையே?"

அதுவரை என்னை மேடம் என்றே கூப்பிட்டுவந்தவன் அவன்.

"நானும் கீழதான் இருக்கேன் டீச்சர்" என்றான்.