பறக்கிறதெல்லாம் பதர் இல்லை

இண்டைக்கு அரைச் சாக்கு விதையைக் காத்தில விட்டிட்டன்!

(வேணுமெண்டு இல்லை. முழுசாய் வாசியுங்கோ. நான் அ, ஆ எழுதப் பழகி எட்டு மாசம்தான். பின்னேரம் தொடங்கினது, ராவாகி இப்பதான் முடிக்கிறன்.)

ரூஜ் ஆத்துப் பக்கம் ஒரு மேட்டில ஊதாப் பூ நிக்குது. பிளேசிங் ஸ்டார் எண்டு பேர். நாங்கள் வந்து குடியேறின இந்தக் குளிர் நாட்டின்ர புல்வெளிப் பூ.

அடுத்த கிழமை அந்த மேட்டை வெட்டிக் குழாய் புதைக்கப் போகினம். அதுக்குள்ள விதையைச் சேர்த்து, சுத்தப்படுத்தி, வேறை இடத்தில விதைக்கோணும். நாங்கள் ஏழெட்டுப் பேர் உதவிக்குப் போறனாங்கள்.

பொறுப்பாய் இருக்கிற சுகந்தியைக் கேட்டன்.

"கடையில வாங்கேலாதோ பிள்ளை?"

"கடை விதை எங்கயோ வளர்ந்தது அங்கிள். இது இந்த மேட்டுக் குளிரைப் பழகின விதை. போனால் போனதுதான்."

எல்லாரும் சல்லடையில மெல்லமாய் அரிச்சுக்கொண்டு இருந்தினம்.

நான் வீட்டில இருந்து சுளகு கொண்டு போனனான். (நெல்லுப் புடைச்ச கை எல்லே!)

பத்து நிமிசம். பஞ்சு பஞ்சாய்ப் பறந்தது. மிஞ்சினதைப் பெருமையோட நீட்டினன்.

சுகந்தி சுளகைப் பாத்தா. பிறகு வானத்தைப் பாத்தா.

"அங்கிள், இது காம்பு."

"அப்ப விதை?"

"பறந்ததுதான் விதை!"

ஒருத்தரும் என்னை ஏசேல்லை. ஏசியிருக்கலாம்.

கீழ விழுந்த ஒண்டை எடுத்துப் பாத்தன். எள்ளிலும் மெல்லிசாய்க் கறுப்பு விதை, தலையில பஞ்சுக் குடுமி. நெல்லில பறக்கிறது பதர். இதில பறக்கிறதுதான் உயிர்! இத்தனை வருசம் இது எனக்குத் தெரியாதே?

பறக்கிறதுதான் விதை எண்டால், பறக்கிற இடத்தில பிடிச்சால் என்ன?

கழுவக் குடுக்கவெண்டு மனிசியின்ர நூல் சீலை ஒண்டு காரில கிடந்தது. காத்துப் போற பக்கம் ரெண்டு கம்பத்தில இழுத்துக் கட்டினன்.

"பிள்ளை, ஒரே ஒரு பிடி தாங்கோ."

"அங்கிள், மிச்சம் இருக்கிறதே அரைச் சாக்கு!"

"ஒரு பிடிதானே. சரிவராட்டில் சுளகை உங்களிட்டயே தந்திடுறன்."

தந்தா. புடைச்சன். காம்பு சுளகில நிண்டது. தூசி வழியில விழுந்தது. விதை போய்ச் சீலையில ஒட்டினது!

சுகந்தி ஒண்டை நகத்தால கீறிப் பாத்தா. உள்ளுக்கு வெள்ளைப் பருப்பு.

"இன்னொரு பிடி போடுங்கோ" எண்டா.

மத்தியானத்துக்குள்ள மிச்சம் எல்லாம் முடிஞ்சுது. பையில ஒட்டுற தாளில பூவின்ர பேர், இடம், சுத்தப்படுத்தினவர் பேர் எழுதோணும். பேனையை என்னட்டத் தந்தா. என்ர பேரை நானே எழுதினன்!

(சீலையில இன்னும் பஞ்சு ஒட்டியிருக்கு. மனிசி இதை வாசிக்கமாட்டா எண்டு நம்பிறன்.)

முதல் போன அரைச் சாக்குத்தான் மனசை விட்டுப் போகுதில்லை. காத்து வீடுகள் இருக்கிற பக்கம்தான் அடிச்சது.

அந்தப் பக்கம் இருக்கிறவை, ஒரு உதவி. ரெண்டு மூண்டு வருசத்தில உங்கட முற்றத்தில ஊதாப் பூ ஒண்டு எழும்பினால், வெட்டிப்போடாதேங்கோ.

அது களை இல்லை. என்ர பிழை.