படித்த பிறகு போடும் கையெழுத்து

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அலுவலகத்தில் என் மேஜைத் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் அஞ்சலை. ஏதோ கடையிலிருந்து பேசுகிறாள் என்பது பின்னால் கேட்ட பஸ் சத்தத்தில் தெரிந்தது. "ருக்குமணியக்கா போயிட்டாங்க மேடம்" என்றாள். "எங்கே?" என்று கேட்டேன். நிஜமாகவே அப்படித்தான் கேட்டேன்.

மஞ்சள் காமாலை. இரண்டு வாரமாக வெறும் பித்தம் என்று சொல்லிக்கொண்டு ஊதுபத்திக் கம்பெனிக்கு வேலைக்குப் போய் வந்திருக்கிறாள். எனக்கு முதலில் வந்தது கோபம். ஊரில் உள்ளவர்களையெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட நிதானமாகப் பார்க்க வைத்தவள், தன் கண் மஞ்சளானதைக் கண்ணாடியில் பார்க்கவில்லையா? இதை எழுதும்போதும் அந்தக் கோபம் தணியவில்லை. என்னைவிட நான்கு வயது இளையவள் என்பதால் அவள் என்றே எழுதுகிறேன்.

மண்டி மொஹல்லாவில் கிடங்குக்கு மேலே இருந்த அந்த மாடி அறைக்கு ஞாயிறு மதியம் வந்துபோன உங்களுக்கு ருக்குமணியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பங்கள். பிள்ளைகள் கன்னடப் பள்ளியில். வீட்டில் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க ஆள் கிடையாது. அதனால்தான் பெற்றோரையும் பிள்ளையையும் ஒரே பாயில் உட்காரவைத்துக் கன்னட வகுப்பு நடத்தினோம். அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது என்பது ருக்குமணியின் சட்டம். எல்லையோரம் அனூர்ப் பக்கத்துக்காரி, கன்னடத்தில் பத்தாவது படித்தவள், வீட்டில் பேசுவது தமிழ். இந்த வேலைக்கென்றே செய்து அனுப்பியதுபோல் இருந்தாள். நானோ விஜயநகரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கும் அலுவலகக்காரி.

ஆனால் ஒரு விஷயம் உங்களில் பலருக்குத் தெரியாது. அஞ்சலையின் மகள் சுமதியைப் பள்ளியில் நிலைக்க வைத்தது நான்தான் என்று இன்றுவரை பேசிக்கொள்கிறீர்கள். அவளை வெளியே தள்ளப் பார்த்ததில் என் கையும் இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வகுப்பு தொடங்கிய புதிதில், வந்தவர்களுக்கு முதலில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தேன். ரேகை வைப்பதில் அவர்களுக்கு இருந்த கூச்சம் எனக்குத் தெரியும். இரண்டே வாரத்தில் பெயரை எழுதிவிட்டால் முகம் மலரும், மறுவாரமும் வருவார்கள். எல்லாம் நல்ல எண்ணம்தான். ருக்குமணிக்கு அது பிடிக்கவில்லை. "படிக்கத் தெரியாத கையெழுத்து ரேகையவிட மோசமுங்கக்கா" என்றாள். "ரேகை வெச்சா யாராச்சும் படிச்சுக் காட்டுவாங்க. கையெழுத்துப் போட்டா, படிச்சுட்டுத்தான் போட்டாங்கன்னு நெனச்சுக்குவாங்க." ஆள் சேர்க்கிற கஷ்டம் உனக்குத் தெரியாது என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை பூரித்துப்போய் வந்தாள். முந்தின நாள் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினாராம். ஒரு தாளை நீட்டினாராம். மைப் பெட்டியை எடுத்தவரைத் தடுத்துவிட்டு இவள் பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாளாம். திங்கட்கிழமை வந்து சர்டிபிகேட் வாங்கிக்கொள்ளச் சொன்னாராம். சுமதிக்குச் சர்டிபிகேட் கொடுக்கிறார்கள் என்றதும் எல்லாரும் கை தட்டினோம். எல்லாரையும்விட பலமாகத் தட்டியவள் நான்.

ருக்குமணி தட்டவில்லை. என்ன சர்டிபிகேட் என்று கேட்டாள். "ஏதோ டி.சி.ன்னு சொன்னாருக்கா" என்றாள் அஞ்சலை.

டி.சி. என்றால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கிக் கொடுக்கும் சர்டிபிகேட். சுமதி அப்போது ஏழாவது. இங்கே அப்போது ஏழாவதிலேயே பொதுத்தேர்வு உண்டு. அம்மாவும் அப்பாவும் வேறு ஊரில் கட்டடம் கட்டப் போனதால் இரண்டு மாதம் பள்ளிக்கு வராமல் கணக்கில் பின்தங்கியிருந்தாள். தேறமாட்டாள் என்று தோன்றிய பிள்ளைகளைத் தேர்வுப் பட்டியல் போவதற்கு முன்பே கழற்றிவிடும் வழக்கம் அந்தப் பள்ளியில் இருந்தது. பட்டியல் போகும் நாள் திங்கட்கிழமை. அது தப்பினால் சுமதியும் மறுவாரமே அம்மாவோடு செங்கல் சுமக்கப் போயிருப்பாள். விஷயம் புரிந்ததும் அஞ்சலை தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தெரிந்த கல்வி அதிகாரி ஒருவரிடம் போகலாம் என்று குதித்தேன். ருக்குமணி வேண்டாம் என்றாள். "நீங்க பேசுனா நீங்க சொன்னதாத்தான் ஆகுமுங்க. நாளைக்கு இன்னொரு தாள நீட்டுவாங்க. அஞ்சலையே பேசட்டும்." அஞ்சலைக்குக் கன்னட எழுத்து முழுவதும் தெரியும், ஆனால் கூட்டித்தான் மெதுவாகப் படிப்பாள். இவளை நம்பி ஒரு பெண்ணின் படிப்பைப் பணயம் வைக்கிறாயே என்று நான் கத்தினேன். அன்று நான் பேசிய மற்றதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை தலைமையாசிரியர் அறையில் மூவரும் நின்றோம். அவர் தாளை எடுத்துக் காட்டினார். கையெழுத்து இருக்கிறதே, இனி என்ன பேச்சு என்றார். ருக்குமணி ஒன்றுதான் கேட்டாள்: அந்த அம்மா அதை ஒருமுறை படிக்கட்டும். அவருக்குச் சிரிப்பு வந்தது. தாளைத் தள்ளினார்.

அஞ்சலை விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினாள். ஒரு எழுத்து, அப்புறம் இன்னொன்று. வெளியே மணி அடித்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பியூன் வந்து பட்டியல் தயாரா என்று கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றான். இரண்டாவது வரியில் ஒரு கூட்டெழுத்தில் அஞ்சலை மாட்டிக்கொண்டாள். திரும்பத் திரும்ப அதே இடம். வியர்த்து ஊற்றியது. சொல்லிக்கொடுக்க நான் வாயைத் திறந்தேன். ருக்குமணி என் மணிக்கட்டைப் பிடித்தாள். விட்டபோது சிவந்திருந்தது. கடைசியில் அந்தச் சொல்லும் வந்தது. என் சொந்த விருப்பத்தின் பேரில் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்கிறேன் என்று இருந்தது அந்த வரி.

அஞ்சலை அதை இரண்டாம் முறையும் படித்தாள். இப்போது கொஞ்சம் வேகமாக. பிறகு மேஜையிலிருந்த பேனாவை எடுத்துத் தன் கையெழுத்தின் மேல் ஒரு கோடு போட்டாள். இது ஆபீஸ் காகிதம் என்று அவர் எழுந்தே விட்டார். தனக்குத் தெரிந்த கன்னடத்தில் அவள் சொன்னாள்: "இது என் பேரு சார். போட்டதும் நான், அடிச்சதும் நான். எனக்கு அந்த விருப்பம் இல்ல."

அடித்த கையெழுத்தை வைத்துக்கொண்டு அவரால் டி.சி. கொடுக்க முடியாது. மேஜையிலிருந்த பட்டியலை இழுத்து, கடைசியில் சுமதியின் பெயரை எழுதினார். கணக்குக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். நான் என்றேன். மூன்று மாதம் உயிரை விட்டுச் சொல்லிக்கொடுத்தேன். மயிரிழையில் தேறினாள்.

படியிறங்கும்போது, தப்பு என்னுடையது என்று ருக்குமணியிடம் சொன்னேன். "ஆமாமுங்க" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து வகுப்பில் கையெழுத்து கடைசிப் பாடமானது. ஆண்டுவிழாவில் இந்தக் கதையைச் சொல்லி எனக்குச் சால்வை போட்டார்கள். மறுத்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை. ருக்குமணி முன்வரிசையில் கை தட்டிவிட்டு, "மார்கழிக் குளுருக்கு ஆகுமுங்க" என்று மட்டும் காதில் சொன்னாள். யாரிடமும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

செவ்வாய்க்கிழமை மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் கணவர் மாதேசன் ஆபீஸ் சன்னல் முன் நின்றிருந்தார். மண்டியில் மூட்டை தூக்குபவர், எங்கள் வகுப்பிலேயே எழுத்துக் கற்றவர். உடலை ஒப்படைக்கும் தாளைக் குமாஸ்தா நீட்டி, "இல்லி சைன் மாடி" என்று கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். மாதேசன் மேலே முதல் வரியில் விரல் வைத்தார். பின்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். குமாஸ்தா பேனாவால் மேஜையைத் தட்டினார். பழைய நானாக இருந்தால் தாளை வாங்கிக் கடகடவென்று படித்துக் காட்டியிருப்பேன். அவர் படித்து முடிக்கட்டும் என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டு நின்றேன். வாயை மூடிக்கொண்டு இன்னொருவர் படித்து முடிக்கும்வரை நிற்பது. ருக்குமணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.

அவள் பெயர் இருந்த இடத்தில் மாதேசனின் விரல் நின்றுவிட்டது. பிறகு மறுபடி நகர்ந்தது. கடைசி வரியையும் படித்த பிறகுதான் பேனாவைக் கேட்டார்.