கடைசிக் கறுப்புக் கிளிப்

"நானும் என் டிராக்டரும் ஒரே ரகம்மா. அடுத்தவங்க தயவு இல்லாமலே ஓடுவோம்லா!"

மனைவி இறந்த மறுமாதம், மலேசியாவின் கிள்ளான் காப்பார் சாலையில், தம் வீட்டு கேட்டருகே நாகையா செய்த பிரகடனம் இது. பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி, பள்ளி வேன் ஓட்டுபவர், ஒரு டப்பா மீன் குழம்பு கொண்டுவந்த குற்றத்துக்குக் கிடைத்த பதில். பிரகடனம் மாபெரும் வெற்றி பெற்றது. அடுத்த நான்கு ஆண்டுகள் அந்தக் கேட்டைத் தட்டியவர் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர் மட்டுமே.

ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் விதிவிலக்கு. ஆடித் திருவிழாவில் அம்மன் ரதத்தை இழுப்பது நாகையாவின் கிழட்டு டிராக்டர். அன்று ஊரே அவர் பின்னால் வரும். அம்மனுக்காக வருகிறார்கள் என்ற தகவலை அவரிடம் யாரும் தெரிவித்ததில்லை.

இந்த ஆண்டு திருவிழாவன்று சாவியைத் திருகினார். 'டக்' என்று ஒரே சொல். பிறகு டிராக்டர் மௌனவிரதம். அந்நேரம் பார்த்துக் கோயில் செயலாளர் முகுந்தன் அழைத்தார்.

"நாலு மணிக்கு வந்துருவீங்கல்ல அங்கிள்? முடியலன்னா சொல்லுங்க, லோரி பேசி வச்சிருக்கோம்."

லோரி ஒருமுறை வந்தால் பிறகு எல்லா ஆண்டும் லோரிதான். நாகையா பேட்டரி முனைகளைத் தேய்த்தார், கெஞ்சினார், திட்டினார். இரண்டரை மணிக்குத் தனலெட்சுமி வீட்டு வேலியோரம் போய் நின்று இருமினார்.

"என்னண்ணே, தொண்டை கட்டிருச்சா?"

"பேட்டரி... கொஞ்சம் களைச்சுப் போச்சு."

"உங்களுக்கா, டிராக்டருக்கா?"

தனலெட்சுமி வேனை டிராக்டரில் முட்டாமல் நெருக்கி நிறுத்தி, ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் கடத்தும் சிவப்பு, கறுப்பு கேபிள்களை எடுத்தார். "ரெண்டும் பன்னெண்டு வோல்ட்டுதான். பேட்டரி எங்கயும் கசியலையே? கியர் நியூட்ரல்ல இருக்கா? பிரேக் போட்டாச்சா?" டிராக்டர் பேட்டரியின் பிளஸ்ஸில் சிவப்புக் கிளிப், கேபிளின் மறுமுனை வேன் பேட்டரியின் பிளஸ்ஸில். வேனின் மைனஸில் கறுப்பு. கடைசிக் கறுப்புக் கிளிப்பை நாகையா டிராக்டர் பேட்டரிக்கே கொண்டுபோக, கையில் ஓர் அடி விழுந்தது.

"அங்க வேணாம்லா! பொறி பட்டு பேட்டரி வெடிச்சா மொதல்ல உங்க மீசைதான் போகும். தள்ளி, எஞ்சின் இரும்புல மாட்டுங்க."

நான்கு ஆண்டுகளில் அவரை ஒருவர் திட்டியது அதுதான் முதல்முறை. அது நாகையாவுக்கு இதமாகத்தான் இருந்தது.

வேன் ஐந்து நிமிடம் உறுமியது. "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. கீழ நின்னுக்கிட்டு இல்ல, சீட்ல ஏறி உக்காந்து." கரும்புகை கக்கி டிராக்டர் உயிர்த்தது. தனலெட்சுமி கிளிப்புகளை மாட்டிய வரிசைக்கு நேர்மாறாகக் கழற்றினார். நான்கு மணிக்கு ரதம் நகர்ந்தது.

மறுநாள் மத்தியானம், டிராக்டர் பாதித் திருகலிலேயே கிளம்பிவிட்டது. நாகையா பதறி அணைத்தார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வேலியோரம் போய் இருமினார்.

"தங்கச்சி... பேட்டரி மறுபடியும் வீக்கு."