குடியும், ஆறுது

போன ஞாயிறு சமையலறையில் மகள் மீன் பொரித்துக்கொண்டு நின்றாள். காதுக்குள் வழக்கம்போல அந்த வெள்ளைக் குமிழிகள். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப்போய்க் கிட்டப் போனேன். ஒன்றைப் பிடுங்கி என் காதில் வைத்தேன். யாரோ ஒரு பெண் இத்தாலியன் பாஷையில், செபமாலை சொல்வதுபோல அத்தனை அமைதியாக, ஒருவன் தன் மாமியாரை எப்படி வெட்டிப் புதைத்தான் என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன கோதாரியடி இது?"

"போட்காஸ்ட் அம்மா. எல்லாம் உண்மையா நடந்தது. இவவின்ரை குரலுக்கு இஞ்சை எத்தினை பேர் விசர் பிடிச்சுத் திரியினம் தெரியுமோ?"

கொலைக்கதை கேட்பதைத் தன் வயதுக்காரர்தான் கண்டுபிடித்தார்கள் என்று பிள்ளைக்கு நினைப்பு. உங்களுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது, அவளுடைய அப்பா ஒரு காலத்தில் ஊரறிந்த கொலைகாரர். தெரிந்துகொண்டுதான் கட்டினேன்.

பயப்படாதீர்கள், வானொலியில்தான்.

மன்னாரில் நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் சனிக்கிழமைப் பின்னேரம் ஒரு தொடர் நாடகம் போகும். "இது உண்மைச் சம்பவம், பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டுள்ளன" என்று தொடங்குவார்கள். மாற்றின பெயரைத் திருப்பி மாற்றுவதுதான் எங்கள் ஊருக்குக் கிழமை முழுக்க வேலை. ஒரு தபாலதிபர் மனைவிக்குத் தேத்தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சு கலந்து கொடுக்கிறார், அதுதான் கதை. எங்கள் ஊரின் உண்மையான தபாலதிபர் பாவம், ஈ எறும்புக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். நாடகம் முடியும்வரைக்கும் அவருக்கு ஒரு வீட்டிலும் தேத்தண்ணீர் கொடுக்கவில்லை, அவர் கொடுத்ததை ஒருவரும் குடிக்கவுமில்லை.

முதலில் கரண்டி கிளாசுக்குள் சுற்றுகிற சத்தம் கேட்கும். பிறகு அந்தக் குரல், "குடியும், ஆறுது." அவ்வளவுதான். கத்தல் இல்லை, பேய்ச் சிரிப்பு இல்லை. பெண்சாதியை 'நீர்' போட்டு மரியாதையாகக் கதைத்துக் கதைத்தே கொல்லுகிற மனிசன். அக்கா தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு கத்துவாள். எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் குரலில் ஒரு மயக்கம். அந்த வசனத்தை எழுதியவர் மேல் அதைவிடப் பெரிய பக்தி. ஒரு சொல்லில் ஒருத்தியைச் சாகடிக்கத் தெரிந்தவர் உயரமாக, மெலிந்து, கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார் என்று முடிவுகட்டி வைத்திருந்தேன்.

பிறகு நாடு கெட்டது, நாங்கள் இத்தாலியில் பலெர்மோ நகருக்கு வந்து சேர்ந்தோம். முதலில் வந்தது அக்கா. பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய மாளிகையில் கிழவன் கிழவியைப் பார்த்துக்கொண்டு தங்கியிருந்தாள். என்னை எடுப்பித்ததும் அவள்தான். அவளுடைய சொல்லைத் தாண்டி ஊரில் அப்பா அம்மாவும் ஒரு காரியம் செய்ய மாட்டார்கள். எனக்கு நகருக்குள், பொலிதேயாமாப் பக்கம், ஒரு இத்தாலியன் எசமானி வீட்டில் வேலை, சின்யோரா என்று கூப்பிடுவேன். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் எங்களுக்கு விடுதலை. அந்த இரண்டு நாளுக்காகச் சீசா என்கிற பகுதியில் ஒரு அறை வைத்திருந்தோம்.

ஒரு ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு, வேதாகமத்தின் முதல் வாசகம் வாசிக்கப் புதிதாக ஒருவர் எழும்பிப் போனார். குள்ளம், நெற்றி ஏறின தலை, இரவல் கோட்டு. அன்றைக்கென்று வந்து அமைந்த வாசகம் அண்ணன் தம்பியை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கொல்லுகிற பகுதி. வாயைத் திறந்தாரோ இல்லையோ, பெண்கள் இருந்த வாங்குகள் ஆடின. அக்கா என் முழங்கையில் நகத்தை இறக்கினாள்.

"எடி, தபாலதிபரடி! அவன்தான்!"

பூசை முடிந்ததும் மனிதரைச் சுற்றி ஒரே சனம், ஆனால் எல்லாரும் இரண்டடி தள்ளித்தான் நின்றார்கள். சாமியார் அடுத்த கிழமையிலிருந்து அவருக்கு அமைதியான வாசகமாகப் பார்த்துக் கொடுத்தார்.

வியாழக்கிழமை சீசாப் பூங்காவில் அவரைத் தனியே கண்டேன். ஊர் எது, எங்கே வேலை என்றெல்லாம் கேட்கிற ஒழுங்கு எனக்கும் தெரியும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அதை எழுதினவர் நல்ல உயரமோ?"

மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். எழுதினவர் நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை பார்த்தவராம். கட்டை ஆள், பெரிய வண்டி வயிறு, இரத்தம் என்று தட்டினாலே தலை சுற்றுமாம். பகலெல்லாம் வழக்குகளைத் தட்டித் தட்டி, வீட்டில் போய் நாடகமாக்குவாராம்.

"ஒருத்தற்றை தேத்தண்ணியும் குடிக்க மாட்டார். ஒத்திகைக்கு வரேக்கை வீட்டிலையிருந்து பிளாஸ்கிலை கொண்டு வருவார். நான் பக்கத்திலை வந்தா மூடியை இறுக்குவார்."

குழி வெட்டுகிற சத்தம் அரிசி வாளிக்குள் அகப்பை என்றும் அன்றைக்குத்தான் அறிந்தேன். வியாழன் வியாழனாக இப்படி நாடகத்தைக் கழற்றிப் பூட்டியதில் எங்களுக்குள் விஷயம் முற்றிவிட்டது. அக்காவிடம் சொன்னேன். அவள் துள்ளிக் குதித்தாள்.

"உனக்கு விசரே? மற்றவள் ஒரு வருசம் இழுபட்டுச் செத்தவள். நீ எலும்பும் தோலும், எத்தினை நாளைக்குத் தாங்குவாய்?"

"அது நடிப்பு அக்கா."

"நடிப்பெண்டா ஏன் எனக்கு இண்டைக்கும் தேத்தண்ணியைக் கண்டா நெஞ்சு பதறுது?"

அழுதுகொண்டு போய் அவரிடம் சொன்னேன். மனிதர் கவலைப்படுவார் என்று பார்த்தால், முகம் பூத்துப்போய், "உண்மையாப் பதறுதாமோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கலியாணம் குழம்பினாலும் பரவாயில்லை, கைதட்டு வேண்டும் இவருக்கு!

சின்யோராவிடம் புலம்பினேன். அவவும் லேசுப்பட்டவ இல்லை. தொலைக்காட்சியில் ஒரு உண்மைக் கொலைகாரனாக நடித்தவரைக் காப்பிக் கடையில் கண்டு, சிலுவை போட்டுக்கொண்டு, மறு நிமிடமே கையெழுத்து வாங்கினவ. "உன் அக்காவுக்குப் பயமில்லை, பைத்தியம்" என்றா. அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

மாரி காலத்தில் ஒரு வியாழன் அக்கா காய்ச்சலோடு வந்து சீசா அறையில் விழுந்தாள். பகேரியாவுக்குத் திரும்பப் பலமில்லை. கேள்விப்பட்டு அவர் மல்லித்தண்ணீர் அவித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அக்கா உதட்டை இறுக்கிப் பூட்டிக்கொண்டாள். நான் கெஞ்சுகிறேன், அசைகிறாள் இல்லை. அவர் பாட்டுக்குக் கிளாசில் ஊற்றி, சீனி போட்டு, கரண்டியைச் சுற்றினார்.

அந்தச் சத்தம். அக்காவின் கண் இரண்டும் முழுசாகத் திறந்தன. உதட்டின் பூட்டும் கழன்றது.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர் தம்பி? சொல்லுமன் அதை."

அவர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "குடியும், ஆறுது" என்றார்.

ஐயோ, அக்கா கத்தின கத்தலில் மேல்மாடிக்காரி கதவைத் தட்டினாள். கத்தி, சிரித்து, இருமி, கிளாசை வாங்கி ஒரே மடக்கில் குடித்து முடித்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "தவக்காலம் துவங்க முன்னம் கலியாணத்தை வைச்சிடுவம்" என்றாள்.

அதற்குப் பிறகு அக்கா எங்கள் வீட்டில் சும்மா தேத்தண்ணீர் குடித்ததே கிடையாது. அவர் கரண்டி சுற்றவேண்டும், வசனம் சொல்லவேண்டும், அவள் கத்தவேண்டும். மகள் பிறந்து வளர்ந்தது அந்தக் கத்தலுக்குள்தான்.

நாடகத்தின் ஒலிநாடா ஒன்றும் மிஞ்சவில்லை. மகள் இணையம் முழுக்கத் தேடிப் பார்த்தாள். எழுதினவரின் ஒரு படம்கூட அகப்படவில்லை. அக்காவும் முந்தின வருசம் போய்விட்டாள். கடைசி நாள் ஆசுப்பத்திரியில் அவர் கிளாசும் கரண்டியுமாகப் பக்கத்தில் நின்று, தாதி பார்த்துக்கொண்டிருக்க, அந்த வசனத்தைச் சொன்னார். அவள் கண் திறக்கவில்லை. அன்றிலிருந்து மனிதர் தேத்தண்ணீரைக் கலக்குவதேயில்லை, அடியில் சீனி கிடக்கக் கிடக்கக் குடிக்கிறார்.

போன ஞாயிறு மகள் போனை அவருக்கு முன்னால் நீட்டினாள். "அப்பா, ஒருக்காச் சொல்லுங்கோ. ரெக்கோர்ட் பண்ணி வைப்பம்."

"மறந்துபோச்சு பிள்ளை."

அப்பட்டமான பொய். மகள் முகம் சுருங்கிப் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. தேத்தண்ணீர் ஊற்றினேன், கரண்டியை ஊரே கேட்கச் சுற்றினேன், கட்டின நாளிலிருந்து முதல்தரமாக அவரை 'நீர்' போட்டு, "குடியும், ஆறுது" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவசரப்படுறீர். நஞ்சு வைச்சவன் அவசரப்பட மாட்டான்."

பிறகு எனக்குக் காட்டித் தருவதற்காகக் கிளாசைக் கையில் எடுத்து, அக்கா வழக்கமாக இருக்கிற கதிரைப் பக்கம் திரும்பி, தானே சொன்னார். குரல் அச்சொட்டாக அதேதான். கத்துவதற்குத்தான் ஆள் இல்லை.