வானிலிருந்து இறங்கும் வண்டல்

எங்கள் வட்டாரத்தில் நிலம் உயர்வது வரப்பளவுதான். பெரிய கோயில் விமானத்தைத் தவிர அண்ணாந்து பார்க்க ஒன்றும் இல்லாத சமவெளியில் வளர்ந்த நான், சென்ற ஆண்டு எரிமலையைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. சென்னையில் நடக்கும் மாநில இறுதிப் போட்டிக்குக் கல்லூரியிலிருந்து ஒருவர் மட்டுமே போகலாம். அந்த ஓரிடத்துக்கு நாங்கள் இரண்டு மாணவிகள் எஞ்சியிருந்தோம்.

எரிமலை அழிக்கும் ஆற்றலா, ஆக்கும் ஆற்றலா என்பது தலைப்பு. சீட்டு எடுத்ததில் அழிவு எனக்கு வந்தது. ஆக்கம், கூத்தாநல்லூரிலிருந்து வரும் புவியியல் துறை மாணவிக்குப் போயிற்று. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. மேடையில் அழிவுக்கு ஓசை உண்டு. ஆக்கத்தை மெல்லத்தான் சொல்ல முடியும்.

குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பிறர் வயலில் நடவு நட்ட குடும்பம், இன்று சொந்த வயலில் நடுகிறது. அந்தக் குடும்பத்தில் ஒலிவாங்கியின் முன் நின்ற முதல் ஆள் நான். அந்தப் பெருமையை மறைக்க வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அறுவடை முடிந்த வயலில் காற்றுக்கு எதிரே நின்று பயிற்சி செய்வேன். காற்றை மீறிக் கேட்கும் குரல் எந்த அரங்கிலும் கேட்கும்.

அந்த வாரம் நான் படித்தது என்னை மலைக்க வைத்தது. பூமியின் மேலோடு ஒரே ஓடு அன்று, நகரும் தட்டுகள். இரண்டு தட்டுகள் விலகும் இடத்தில், ஐஸ்லாந்தில் நடப்பதுபோல், கீழிருந்து பாறைக்குழம்பு ஏறி இடைவெளியை நிரப்புகிறது. ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் அமிழும் இடத்தில், அது உடன் கொண்டுபோகும் கடல்நீர் ஆழத்துப் பாறையை எளிதில் உருக வைக்கிறது. ஜப்பானின் மலைகளும் ஜாவாவின் மலைகளும் அப்படிப் பிறந்தவை. எந்த எல்லையிலும் சேராத ஹவாய்த் தீவுகளோ, நடுக்கடலில் அடியிலிருந்து வரும் வெப்பத்தால் எழுந்தவை.

எரிமலைகளின் வடிவம் வேறுபடும் காரணத்தை எங்கள் வீட்டு அடுப்பிலேயே கண்டேன். கேழ்வரகுக் களி கொதிக்கும்போது அடியில் சிக்கிய ஆவி வெளியேற வழியின்றித் திரண்டு, வெடித்துக் கையில் தெறிக்கும். நீர்த்த கஞ்சி தெறிப்பதில்லை, பொங்கி வழியும். கஞ்சிபோல் வழியும் குழம்பு நெடுந்தொலைவு ஓடிப் பரந்து, கவிழ்த்த கேடயம்போல் மலையாகிறது. களிபோல் இறுகிய குழம்பு வெடித்துச் சாம்பலும் கல்லுமாக அடுக்கடுக்காய்ப் படிந்து செங்குத்தான கூம்பாகிறது. நான் கூம்பைத் தேர்ந்தேன். என் உரைகளும் அவ்விதமே ஏறி, உச்சியில் வெடிப்பவை.

போட்டி நாளில் அவ்வாறே வெடித்தது. நடுவர் எங்கள் தமிழ்த்துறைப் பேராசிரியர். திருவையாறு பக்கம் நிலம் வைத்திருப்பவர். அவரையும் அவையையும் ஒருசேர வெல்லும் முடிவொன்றை வைத்திருந்தேன். நெல் விளைய வண்டல் வேண்டும், வண்டல் தர ஆறு வேண்டும். எரிமலை தந்த சோற்றை உண்டவர் இந்த அவையில் உண்டா என்று கேட்டு நிறுத்தினேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கூத்தாநல்லூர் மாணவி எழுந்தாள். அவை வணக்கம்கூட ஒரே வரிதான். குரல் ஏறவில்லை. அவளுடைய தந்தை, அவள் சொல்லில் அத்தா, ஜாவாவில் ஒரு சிற்றூரில் துணிக்கடை வைத்திருப்பதையும், ஒரு விடுமுறையில் தான் அங்கிருந்தபோது மலை புகைந்ததையும் சொன்னாள். தகரக் கூரையில் தூறல் விழும் ஓசை. வெளியே வந்தால் நனையவில்லை, விழுந்தது சாம்பல். குடத்தையெல்லாம் மூடிவைத்து, வெள்ளைத் துணிகளை உள்ளே அள்ளிப் போட்டார்கள். பிறகு அவையைப் பார்த்தாள்.

"அந்த மலையடிவாரம் பூரா நெல்லுதாங்க. நமக்கு வண்டல் ஆத்துல வருது. அவங்களுக்கு வானத்துலேருந்து வருது."

கைதட்டல் இல்லை. அதைவிடப் பெரிதாக ஒன்று நடந்தது. பேனாவைக் கீழே வைத்த நடுவர், தாம் நடுவர் என்பதையே மறந்துவிட்டார்.

"எத்தன போகம் எடுக்கிறாங்கம்மா?"

"தண்ணி இருக்கிற எடத்துல மூணுங்கய்யா."

"தண்ணி?"

"மலையிலேருந்தே இறங்குதுங்க. மேட்டூர எப்பத் தொறப்பாங்கன்னு பேப்பர் பாக்க வேண்டியதில்ல."

அரங்கம் சிரித்தது. பின்வரிசையில் ஒருவன் அந்த ஊருக்கு பஸ் உண்டா என்று கேட்டான். அதற்குள் அவள் உரைக்கான இறுதி மணி அடித்து ஓய்ந்திருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பக்கத்தில் இருந்த என் தோழி என் கையைப் பிடித்து இழுத்தாள்: "மணி அடிச்சாச்சுடி. அவ டைம் தாண்டிட்டான்னு எந்திரிச்சுச் சொல்லு. எடம் உனக்குத்தான்."

போட்டி விதி என் பக்கம் இருந்தது. ஆனால் எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. நடவு வீட்டில் பிறந்தவளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. மறுப்புரைக்கு எழுந்தவள் அதையே கேட்டேன்.

"சாம்பல் விழுந்தப்போ வயல்ல நின்ன பயிர் என்ன ஆச்சு?"

அவளால் சுற்றி வளைத்திருக்க முடியும். அவள் இடத்தில் நான் இருந்தால் சுற்றி வளைத்திருப்பேன். அதற்குத்தான் பயிற்சி பெற்றிருக்கிறேன். அவள் நேராகவே சொன்னாள்.

"நின்ன பயிர் போயிடுச்சு. அப்படியே படுத்துடுச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க அந்த வருசம் அரிசி வெலைக்கு வாங்கினாங்க. மழை பேஞ்சு, சாம்பல் மக்கி, மண்ணோட மண்ணா கலந்தப்புறம்தான் வெளஞ்சது."

தன் கட்சிக்கே எதிரான உண்மையை இத்தனை நிமிர்ந்து ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த மலையை நான் பாதிதான் அறிந்திருப்பேன். எனக்கு நேரம் மிச்சம் இருந்தது. மேலும் கேட்க ஒன்றுமில்லை என்று சொல்லி அமர்ந்தேன்.

அவளையே அனுப்புவதாக நடுவர் அறிவித்தார். தோழி கோபித்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். அந்த இடத்தை நான் மிகவும் விரும்பியிருந்தேன். ஆயினும் அன்று அரங்கம் கேட்ட மிகச் சிறந்த பதில் என் கேள்விக்கு வந்தது. அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் அவள் என்னைத் தேடி வந்தாள். நீ கேட்டதைச் சென்னையில் யாராவது கேட்டால் என்ன செய்வது என்றாள்.

"கேக்கிற வரைக்கும் ஏன் காத்திருக்க? நின்ன பயிர் போனதிலேருந்தே ஆரம்பி. அப்புறம் மழையக் கொண்டா."

அவள் யோசித்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே, பேருந்துகளின் இரைச்சலுக்கு நடுவே, குரலை உயர்த்தாமல் முதல் வரியைச் சொல்லிப் பார்த்தாள். எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.