உன்ட பாண்டும் மெட்டல்தான்

இன்று ஒரு கடையில் உருகும் ஈயத்தின் வாசம் வந்ததும், கல்லடிக் கடற்கரையில் அண்ணன் றேடியோ திருத்திய கொட்டில் நினைவில் எழுந்தது. மாலைதோறும் அண்ணனும் அவன் கூட்டாளி அன்ரனும் இரைச்சலுக்குள் கரைந்து கரைந்து வரும் ஆங்கிலப் பாட்டுகளைக் கேட்டபடி, கிட்டார் அதிரும் மெட்டல் இசை எது, எந்த பாண்ட், அதாவது எந்த இசைக்குழு பெரிது என்று குரல் உயர்த்துவார்கள். அடிபிடியாகிவிடுமோ என்று நான் நகம் கடித்துக்கொண்டிருப்பேன்.

"ஓர்கன் வாசிக்கிற உன்ட பாண்ட் மெட்டலே இல்லடா!" என்று கத்திவிட்டு ஒருநாள் போன அன்ரன், பிறகு வரவேயில்லை.

அந்த மாதமே புயல் அடித்தது. கொட்டில் நின்ற இடத்தில் மணல்தான் கிடந்தது. அன்ரனின் தெருவில் யாரும் மிஞ்சவில்லை என்றார்கள். அண்ணன் சோற்றைத் தொடவில்லை, வாசல் படலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு காலை சேறு அப்பிய காலோடு அன்ரன் வந்து நின்றான்.

"உன்ட பாண்டும் மெட்டல்தான், மச்சான்."

அண்ணன் அவன் கையைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டான்.