மூடியக்கா

முழங்கை வரை சோப்புப் போட்டு, மனசுக்குள் இருபது எண்ணி, கழுவித் துடைத்த கையோடு மூடியக்கா மூடி திறக்கக் கிளம்பிவிடுவார். ஆவி விடும் எதன் தலையிலும் இறுக்கமாக மூடி இருக்கக் கூடாது. முழுக்கத் திறந்தும் போடமாட்டார், ஈ விழும். விரலகல இடைவெளி விட்டு மூடியைச் சாய்த்து, மேலே வலைத்துணியைப் போர்த்துவார். சமையல் மாஸ்டர் ஆற அமரக் குடிக்க வைத்திருந்த தேநீர்க் குவளைகூட ஒருநாள் தப்பவில்லை.

"பிரஷர் குக்கர் பக்கம் மட்டும் போயிடாத தாயே. எங்க எல்லாரையும் கொன்னுடுவ" என்றார் மாஸ்டர். சமையலறையே சிரித்தது. மூடியக்கா மட்டும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தையல் ஆலைக் கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிற வேலை. ஏழு வருஷமாகிறது. பாத்திரங்களோடு பேச்சுவார்த்தை உண்டு. "உனக்கு இன்னும் பிசுக்குப் போகல, இறங்கு திரும்ப" என்று தவலையை அதட்டுவார். புதன், ஞாயிறு நகம் வெட்டுவார். வெட்ட ஒன்றுமில்லாவிட்டாலும் வெட்டுவார். ஒருமுறை தொட்டியில் குனிந்தபடியே, "மாஸ்டர், அடிபிடிக்கப் போவுது" என்றார். மாஸ்டர் கிண்டிப் பார்த்தால், அடியில் அப்போதுதான் பழுப்பேறியிருந்தது.

"உனக்கென்ன முதுகுல மூக்கா? அடுப்புல நின்ன ஆளு மாதிரி பேசுற?"

"நின்னது உண்டு" என்றார். அடுத்த தவலையை இழுத்துப் போட்டுத் தேய்த்தார்.

இந்த வருஷம் புது விதி வந்தது. உணவைத் தொடுகிற ஒவ்வொருவரும் இரண்டு நாள் சுகாதாரப் பயிற்சிக்குப் போய், தேர்வெழுதி, சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து மாஸ்டருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. ஒரு மாதம் வரமாட்டார். மேலாளர் தொட்டியடிக்கே வந்துவிட்டார்.

"அக்கா, சர்டிபிகேட் கைக்கு வந்ததும் அடுப்பு உங்களுதுதான்."

"எனக்குப் பாத்திரம் போதும் சார்."

"எழுபத்து மூணு பேரு பட்டினி கெடக்கணுமா? உங்களை விட்டா வேற யாரு இருக்காங்க?"

பட்டினி என்றதும் மூடியக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார்.

பயிற்சியில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். பயிற்சியாளருக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் நின்றபிறகும் இரண்டு நாள் வேலைக்கு வரக் கூடாது, பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் காய் வெட்டக் கூடாது என்று கலகலப்பாகத்தான் நடத்தினார். இரண்டாம் நாள் மதியம், ஆறவைக்கிற பாடம்.

"உண்மையில நடந்த ஒண்ணு சொல்றேன். ஒரு முதியோர் இல்லம். பெரிய அண்டா நிறைய இறைச்சிக் குழம்பு. இறக்கி, இறுக்க மூடி, சுத்திலும் துணி சுத்தி வச்சிருக்காங்க. காலையில செஞ்சது, சாயங்காலம் வரைக்கும் அப்படியே. மேல தொட்டா இளஞ்சூடு. நடுவுல கிருமிக்குக் கல்யாண வீடு! ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அதையே ஊத்தியிருக்காங்க. பதினோரு பேருக்கு வயித்தால போச்சு. ஒருத்தர் இறந்துட்டாரு. இதுக்கு ஒரே பேர்தான். அலட்சியம்."

மூடியக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"அப்படிச் சொல்லாதீங்க தம்பி."

"பின்ன எப்படிம்மா சொல்றது?"

"செத்துப்போன அந்தப் பெரியவரு ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்ணிட்டுச் சாயங்காலந்தான் வருவாரு. குளிர்ல நடுங்கிக்கிட்டே வருவாரு. சூடா ஒரு வாய் சாப்பிடட்டுமேன்னு சுத்துன துணி அது."

பயிற்சியாளர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேள்விப்பட்டேன்" என்று உட்கார்ந்துகொண்டார். முந்தானை நுனியை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

அப்போது அந்த முதியோர் இல்லத்துக்கு விசாரணைக்கு வந்தவர்கள், குழம்பு வைத்த இவரைக் குறை சொல்லவில்லை. சமையலாளுக்குப் பயிற்சியே கொடுக்காத நிர்வாகத்தைத்தான் சாடினார்கள். இறந்தவரின் மகள், அப்பாவின் துணிமணியை எடுத்துப்போக வந்தவள், சமையலறை வாசலில் நின்று இவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா போன்ல பேசினா உங்க சாப்பாட்டைத்தான் சொல்வாரு" என்றாள். திட்டியிருக்கலாம். இரண்டு அறை விட்டிருக்கலாம். அந்த மாதமே ஊர் மாறினார் மூடியக்கா. கரண்டியைக் கழுவ மட்டும் தொட்டார்.

தேர்வில் கடைசிக் கேள்வி: ஆழமான பாத்திரத்தில் சூடான உணவை மூடி வைத்தால் என்ன ஆகும்? மற்றவர்கள் கிறுக்கிவிட்டு எழுந்து போனார்கள். மூடியக்கா பேனாவை அந்த இடத்தில் வைத்தபடியே மணி அடிக்கும்வரை இருந்தார். வெறும் தாளாக விட்டது அந்த ஓர் இடத்தைத்தான். மற்றதெல்லாம் சரி. சான்றிதழ் வந்தது, மேலாளரே ஆணி அடித்து மாட்டினார்.

அடுப்பேறிய முதல் நாள், மிஞ்சிய குழம்பைத் தட்டையான தட்டுகளில் விரல் உயரத்துக்குப் பரப்பி, பனிக்கட்டி நீரின் மேல் வைத்து ஆற்றி, குளிர்பெட்டிக்குள் தள்ளினார். எழுபத்திரண்டு பேர் சாப்பிட்டாயிற்று. மூன்று மணிக்கு இஸ்திரிப் பிரிவுக்காரர் வந்து நின்றார்.

"லோடு அனுப்புறதுல நேரமாயிடுச்சு. எனக்கு ஏதாவது மிச்சம் வச்சிருக்கீங்களாக்கா?"

மூடியக்கா குளிர்பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆற்றி வைத்த தட்டை எடுத்தார், பாத்திரத்தில் கொட்டி அடுப்பில் ஏற்றினார், தளதளவென்று கொதிக்கவிட்டார். வெப்பமானியைக் குத்திப் பார்த்தார். கிளறிவிட்டு மறுபடி குத்தினார்.

"ஆவி பறக்குது, போதும்க்கா. நாக்கு வெந்துடும்."

"வேகட்டும். ஊதிச் சாப்பிடு."

கடைசிக் கவளம் வரை எதிரிலேயே நின்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் ஆலை வாசலில் இருந்தார். வருகிற ஒவ்வொரு முகத்துக்கும் உதடு அசைந்தது.

"யாரைத் தேடுற?" என்றார் காவலாளி.

"யாரையும் இல்லண்ணே. காத்தாட நின்னேன்."

சங்கு ஊதியது. எழுபத்திரண்டு. காவலாளி கதவைத் தள்ள ஆரம்பித்தார். மூடியக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"என்னம்மா இது, விடு."

"ஒரு நிமிஷம்ணே."

தெருமுனையில் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். இஸ்திரிக்காரர். "உங்க சாப்பாடு அசத்திடுச்சுக்கா, தூங்கியே போயிட்டேன்!" என்று சொல்லிக்கொண்டே இடுக்கில் புகுந்து உள்ளே ஓடினார்.

மூடியக்கா கம்பியை விட்டார். காவலாளியின் மேசையில் வீட்டிலிருந்து வந்த டிபன் டப்பா இறுக்க மூடியபடி இருந்தது, தொட்டால் சுட்டது. மூடி முதல்முறை வழுக்கியது. மறுபடி நெம்பித் திறந்து, விரலகலம் சாய்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்கு நடந்தார்.